ஊருக்குச் சொன்ன கதை

மயூரதன் மடிக்கணினியைத் திறந்து மேசையில் வைத்ததும் திரையில் வந்த முதல் வரியைப் பார்த்து நிரோஜினிக்கு முகம் சுருங்கியது. ஒரு வான் வண்டியின் படம். அதற்குக் கீழே நல்ல தமிழில், பெரிய பச்சை எழுத்தில், அவன் விற்க வந்த மென்பொருள் கேட்டது: எங்கே போகிறீர்கள்?

"உதை ஆர் எழுதினது?"

"நான்தான் அக்கா. மற்றவை எல்லாரும் இங்கிலிசிலைதான் செய்யினம். நாங்கள் தமிழிலை செய்தால் சனத்துக்கு ஒரு நெருக்கம் வரும்."

"நெருக்கம் வராது தம்பி. வந்த சனம் திரும்பி வீட்டை போயிடும்."

பயணம் வெளிக்கிடுகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் இது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டுவிட்டால் போகிற அலுவல் கெட்டது என்று அர்த்தம். திரும்ப வீட்டுக்குள் வந்து, கதிரையில் அமர்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, பிறகுதான் மறுபடி வெளிக்கிட வேண்டும். சகுனத்தைப் பற்றிச் சிரித்துக் கதைக்கிறவர்கள்கூட அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் சிரிப்பார்கள். நிரோஜினியின் அலுவலகத்தில் இத்தனை வருடத்தில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டது கிடையாது. வருகிறவரைப் பார்த்து அவள் "சொல்லுங்கோ" என்பாள், அவ்வளவுதான். கோப்பாயில் பிறந்து வளர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிற இந்தப் பொடியன், கொழும்பில் படித்த காலத்தில் இதை மறந்துவிட்டானா, அல்லது கோப்பாய் என்பதே பொய்யா? அவளுக்கு அன்றைய முதல் சந்தேகம் விழுந்தது.

சந்தேகப்படுவதற்காகத்தான் மற்ற ஏஜென்சிக்காரர்கள் அவளை இருத்தியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சாவகச்சேரி பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் அவளுடைய 'நிரோ ட்ரவல்ஸ்' இருந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான், விமான டிக்கெற், விசாப் படிவம் நிரப்புவது, இவைதான் தொழில். சாவகச்சேரியைச் சுற்றியுள்ள தென்மராட்சியில் இதே மாதிரிச் சின்ன அலுவலகங்கள் இன்னும் சில உண்டு. மயூரதன் எல்லாரிடமும் ஏறி இறங்கியிருக்கிறான். எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினார்கள்: "நிரோஜினி அக்காவிட்டைக் காட்டும். அவ ஓம் எண்டால் நாங்களும் ஓம்." அவர்களுக்கு அவளுடைய மூளையில் நம்பிக்கையோ இல்லையோ, அவளுடைய சந்தேகத்தில் முழு நம்பிக்கை இருந்தது.

மென்பொருளின் பெயர் 'வெளிக்கிடு'. பெயர் நன்றாகத்தான் இருந்தது. வானில் யாருக்கு எந்தச் சீற், யாருடைய பாஸ்போட் எப்போது முடிகிறது, எந்த டிக்கெற் எங்கே மலிவு, எல்லாம் ஒரே திரையில். மயூரதன் விரலால் தட்டத் தட்டப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பேச்சும் தேன் மாதிரி இருந்தது.

"முதல் மூண்டு மாசம் இலவசம் அக்கா."

"ஏன்?"

அவன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "பழகிப் பாக்கத்தான்."

"இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்ததை ஏன் சும்மா தாறீர்? எங்களிட்டை வேறை என்ன எடுக்கப் போறீர்?"

"ஒண்டும் எடுக்கேல்லை அக்கா. உங்கடை பழைய பயணியளின்ரை விபரத்தை மட்டும் ஏத்தித் தந்தால் போதும். டவுனிலை இருக்கிற பெரிய ஏஜென்சி ஒண்டு ஏற்கெனவே தந்திட்டுது."

அவளுக்கு இரண்டாவது சந்தேகமும் விழுந்துவிட்டது. அந்த விபரத்தை வேறு யார் பார்ப்பார்கள் என்று கேட்க வாய் திறந்தபோது படிக்கட்டில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. அவளுடைய வாடிக்கையாளர் பூரணம் கோப்பாயிலிருந்து வந்துகொண்டிருந்தா. கையில் சந்தைப் பை, பைக்கு மேலே கத்தரிக்காய்.

"சும்மா சந்தைக்கு வந்தனான் பிள்ளை. மட்டுவில் கத்தரிக்காய் வாங்குவம் எண்டு."

கோப்பாயில் கத்தரிக்காய்க்கு ஒரு பஞ்சமும் இல்லை. இரண்டு பஸ் மாறி இவ்வளவு தூரம் வருவது, சாவகச்சேரியில் தெரிந்த முகம் இருக்காது என்பதற்காகத்தான். கத்தரிக்காய்க்கு அடியில் மகள் கோபிகாவின் பாஸ்போட் இருந்தது. கோபிகா சனிக்கிழமை கனடாவுக்குப் பறக்கப் போகிறாள். ஊருக்குச் சொன்ன கதை, மட்டக்களப்பில் ஒரு கம்பனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று. வான் வீட்டு வாசலுக்குப் போகாது. நீர்வேலிச் சந்தியில் நிற்கும், கோபிகா சைக்கிளில் அங்கே வருவாள். இப்படித்தான் இங்கே எல்லாரும் போகிறார்கள். சொல்லிவிட்டுப் போனால் கண்ணூறு படும், நாவூறு படும், வேண்டாதவன் தூதரகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போடுவான். போய்ச் சேர்ந்த பிறகு அங்கிருந்து போன் வந்தால்தான் இங்கே வாய் திறப்பார்கள்.

பூரணம் கதிரையில் இருந்து பையைத் திறக்கும்போதுதான் மூலையில் இருந்த பொடியனைக் கண்டா.

"தம்பி எந்த ஊர்?"

"கோப்பாய் அம்மா," என்றான் மயூரதன், வெகு மரியாதையாக.

பூரணத்தின் முகம் வெளிறியது. பை மூடிக்கொண்டது. "நான் கத்தரிக்காய் வாங்கத்தான் வந்தனான்," என்று அவனைப் பார்த்து அழுத்திச் சொல்லிவிட்டு, வந்ததைவிட வேகமாக எழும்பி நடந்தா. நிரோஜினி பின்னால் ஓடிப் படிக்கட்டில் மறித்து, பாஸ்போட்டை வாங்கிக்கொண்டாள்.

"அவன் ஆரின்ரை மோன் பிள்ளை? வீட்டிலை போய்ச் சொல்லுவானோ?"

"நான் பாத்துக்கொள்ளுறன் அன்ரி. ஐயாவுக்குத் தெரியுமோ?"

"அவருக்கு அடுத்த மாசம் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். சனிக்கிழமை எண்டு தெரிஞ்சால் கள்ளுத் தவறணையிலை நிண்டு சொல்லிப்போடும் மனிசன்."

"நல்லது. அப்பிடியே இருக்கட்டும். கால் விமானத்திலை வைக்குமட்டும் வீட்டுக்குள்ளை இருக்கிறவைக்கும் சொல்லத் தேவையில்லை. போனாப்பிறகு சொன்னால் கொஞ்சம் கோவிப்பினம், அவ்வளவுதான்."

இதை அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். சொன்னபடி செய்தவர்கள் எல்லாரும் நல்லபடி போய்ச் சேர்ந்தும் இருக்கிறார்கள்.

திரும்பி வந்து அமர்ந்தவள் மயூரதனை விடவில்லை. "இப்ப வந்தவவை நீர் பாக்கேல்லை. சரியோ?"

"பாக்கேல்லை அக்கா."

"சரி. உம்மடை உதிலை, பேருக்கு இடம் இருக்கு. ஏத்துற இடத்துக்கு இடம் இருக்கு. பொய்க்கு எங்கை இடம்?"

"என்ன அக்கா?"

"ஒவ்வொரு பயணிக்கும் ஊருக்குச் சொன்ன கதை ஒண்டு இருக்கு. டிரைவர் அதைத் தெரிஞ்சிருக்க வேணும். நான் போன் எடுத்தால் வீட்டிலை ஆர் தூக்கினாலும் அந்தக் கதையைத்தான் நான் கதைக்க வேணும். இதெல்லாம் என்ரை தலைக்குள்ளை கிடக்கு. உம்மடை பெட்டிக்குள்ளை எங்கை போடுறது?"

மயூரதன் முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவசரமாகத் தட்டி, 'ஊருக்குச் சொன்ன கதை' என்று ஒரு புதுக் கட்டத்தை உண்டாக்கிக் காட்டினான். பொடியன் கெட்டிக்காரன்தான். அதுதான் அவளுக்குப் பயமாகவும் இருந்தது. தலைக்குள் கிடக்கிற பொய்யை ஒருவரும் களவெடுக்க முடியாது. பெட்டிக்குள் போட்ட பிறகு?

"இதை ஆர் ஆர் பாக்கலாம்?"

"நீங்கள் மட்டும்தான் அக்கா. ஒவ்வொரு ஏஜென்சியின்ரை விபரமும் அவையவைக்கு மட்டும்தான்."

"சத்தியமாயோ?"

"சத்தியமா அக்கா."

சத்தியம் இவ்வளவு கெதியாக வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "நான் ஒரு ஆளைப் பதிஞ்சு பாக்கிறன். நீர் கை வைக்க வேண்டாம்."

அது முதலில் அடையாள அட்டை இலக்கம் கேட்டது. பொய் இலக்கம் அடித்தால் ஏற்காது என்றான் மயூரதன். உண்மையான வாடிக்கையாளர் ஒருவரின் இலக்கத்தை இவன் பார்க்கக் கொடுக்கிற அளவுக்கு அவள் விசரி இல்லை. தன்னுடையதைக் கொடுக்கவும் மனம் வரவில்லை. அப்போதுதான் அவளுக்குக் கணவனின் நினைவு வந்தது. இந்தத் தென்மராட்சியில் இனி எங்கேயும் போகவே மாட்டான் என்று அடித்துச் சொல்லக்கூடிய மனிசன் ஒருவன் உண்டென்றால் அது ஜெயசுதன்தான்.

அவன் ஒருமுறை போனவன். கலியாணம் முடித்த புதிதில், ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி, ஊர் முழுக்கச் சொல்லி, விருந்து வைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி அனுப்பினார்கள். ஆபிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டில் மாதக்கணக்கில் ஒரு அறைக்குள் கிடந்துவிட்டு, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். ஊர் அவனுக்கு 'ரிட்டேன்' என்று பட்டம் வைத்தது. இப்போதும் அவர்களுடைய ஊரான நுணாவிலில் ரிட்டேன் ஜெயசுதன் என்றால்தான் வீடு காட்டுவார்கள். அந்த அவமானத்தில்தான் நிரோஜினி இந்தத் தொழிலையே தொடங்கினாள். ஒருவரையும் ஏமாற்றாமல், ஒருவருக்கும் சொல்லாமல், சனத்தைப் பத்திரமாக அனுப்பி வைக்கிற தொழில். ஜெயசுதன் தண்ணீர் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றிக்கொண்டு வீட்டோடு இருந்தான். நாளைக்குக் கொழும்புக்குப் போகிறான், அதுவும் செப்புக் கம்பி எடுக்க. "உம்மடை வானுக்குள்ளை ஒரு சீற்றை ஏன் வீணாக்குவான், நான் பஸ்ஸிலை போறன்," என்றும் சொல்லியிருந்தான். அவளுக்கு அது பெருமையாக இருந்தது.

கணவனின் அடையாள அட்டை இலக்கம் அவளுக்கு மனப்பாடம். அடித்தாள்.

பெயரை அவள் அடிக்கத் தேவைப்படவில்லை. திரை தானாகவே நிரம்பியது. பெயர், முகவரி, தொலைபேசி. ஒரு புதுப் பாஸ்போட் இலக்கம். 'இந்தப் பயணி ஏற்கெனவே பதியப்பட்டுள்ளார்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே: அடுத்த பயணம், நாளை. கட்டுநாயக்க, டோஹா, ருமேனியா. ஒருவழி. அவசரத் தொடர்பு: நிரோஜினி, மனைவி.

அவள் அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள், பொடியனின் கண்ணில் படாதபடி அதைக் கையால் மறைத்தும்கொண்டாள். போகிறேன் என்று சொல்ல அவளைத் தெரியவில்லை. செத்துக்கித்துப் போனால் அறிவிக்க மட்டும் அவளுடைய நம்பர் தெரிந்திருக்கிறது! கோபத்தில் காது சுட்டது. அந்தக் கோபத்துக்குக் கீழே பயம் கிடந்தது. திரும்பவும் ஒரு ஏஜென்சிக்காரன், திரும்பவும் ஒரு அறை, திரும்பவும் அந்த எலும்பும் தோலும்.

"பாத்தியளோ அக்கா?" மயூரதனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "ஒருக்கால் ஒரு இடத்திலை பதிஞ்சவர் பேந்து எங்கையும் பதியத் தேவையில்லை. இதுதான் எங்கடை சிறப்பு. இவர் டவுன் ஏஜென்சியின்ரை ஆள் போலை. உங்களுக்குத் தெரிஞ்சவரோ?"

"இல்லை," என்றாள் நிரோஜினி. அவளுடைய குரல் அசையவில்லை. எத்தனை வருடப் பழக்கம். "முந்தி ஒருக்கா எங்கடை வானிலை வந்தவர். அதுசரி, அவையவையின்ரை விபரம் அவையவைக்கு மட்டும் எண்டு இப்பதானே சத்தியம் பண்ணினீர்?"

பொடியனின் பூரிப்பு வடிந்தது. "அது... கணக்கு வழக்கு எல்லாம் தனித்தனி அக்கா. பயணியின்ரை விபரம் மட்டும் பொது. ஒரு வசதிக்கு."

"வசதி. அப்ப இப்ப வந்திட்டுப் போனாவே, அவவின்ரை மகளை நான் உதிலை பதிஞ்சால், கொடிகாமத்திலை இருக்கிறவனும் பாப்பான், டவுனிலை இருக்கிறவனும் பாப்பான். அங்கை வேலை செய்யிற பொடியள் பாப்பாங்கள். அதிலை ஒருத்தன் கோப்பாயானாய் இருப்பான்."

"நான் அப்பிடி யோசிக்கேல்லை அக்கா."

அவன் கள்ளன் இல்லை என்பது அந்த ஒரு பதிலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பொய்யே சொல்லத் தேவைப்படாத வீட்டில் வளர்ந்த பிள்ளை. மடிக்கணினியை மூடி அவன் பக்கம் தள்ளினாள். "இப்ப மாட்டன். மற்றவைக்கும் மாட்டன் எண்டுதான் சொல்லுவன். எல்லாத்தையும் பிரிச்சுக்கொண்டு வாரும், பாப்பம். முதல் அந்தக் கேள்வியை எடும்."

"அதுக்குப் பதிலா என்ன போட?"

"சொல்லுங்கோ எண்டு போடும்."

அவன் மடிக்கணினியோடு படியிறங்கிப் போனான். சனத்தின் இரகசியத்தைச் சந்தி சிரிக்க வைக்கிற பெட்டி என்று அதைத் திருப்பி அனுப்பியாயிற்று. சரியான முடிவுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பெட்டியைத் தவிர வேறு ஒருவரும் அவளுக்கு உண்மையைச் சொல்லவில்லையே. அவளுக்கு அழுகை வந்தது. பாஸ்போட்டைப் பூட்டி வைத்துவிட்டு அழுதாள்.

பொழுதுபட வீட்டில் பிட்டு அவித்தாள். ஜெயசுதன் வழக்கம்போல் கைகால் கழுவிவிட்டு வந்து இருந்தான்.

"எப்ப திரும்பி வருவியள்?"

"ரெண்டு மூண்டு நாள் செல்லும். கம்பிக்காரன் இழுத்தடிக்கிறான். புறக்கோட்டையிலை அந்தக் கடைக்குள்ளை சிக்னலும் இல்லை, போன் வேலை செய்யாட்டிப் பயப்பிடாதையும்."

அவள் சம்பலை வைத்தபடி அந்தக் கதையை நிறுத்துப் பார்த்தாள். போகிற இடம் இருந்தது. சுணங்குவதற்குக் காரணம் இருந்தது. போன் எடுக்காததற்குக்கூட முன்கூட்டியே காரணம் இருந்தது. அலுவலகத்துக்கு வந்து வேறு யாராவது இப்படி ஒரு கதை சொல்லியிருந்தால், கெட்டிக்காரர் என்று நினைத்திருப்பாள்.

ஏன் அப்போதே கேட்கவில்லை என்றால், அவளுக்குப் பயம். ரிட்டேன் என்ற பேரைச் சுமந்துகொண்டு இத்தனை வருடம் தலை குனிந்து நடந்த மனிசன். இந்த முறை விசா உண்மையாகவும் இருக்கலாம், வேலையும் நல்ல வேலையாகவும் இருக்கலாம். வாய் வைத்தால் கெடும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, அவளே அதை முழுதாக நம்பியும் விட்டாள். கெடுத்தவள் இவள்தான் என்று பிறகு ஆயுள் முழுக்க யார் கேட்பது? பிட்டை அளைந்துவிட்டு எழும்பினாள்.

விடியத் தேத்தண்ணி போட அடுப்படிக்குள் போனபோது, மிளகாய்த்தூள் போத்தல் பாதியாகியிருப்பதைக் கண்டாள். அவள் கையால் வறுத்து இடித்த தூள். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள். ஒரு சின்னக் கரண்டி அளவு தூள் மேசையில் சிந்தி, கையால் துடைத்தும் துடைபடாமல் சிவப்பாகக் கிடந்தது. களவாக எடுத்திருக்கிறான். தன்னுடைய வீட்டில், தன்னுடைய பெண்சாதி இடித்த தூளை.

ஜெயசுதன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். தோளில் பை. செப்புக் கம்பி எடுக்கப் போகிறவன் வெறும் பையோடல்லவா போக வேண்டும்? பை புடைத்துப்போய் இருந்தது.

"அப்ப போட்டு வாறன்."

அவள் தலையாட்டினாள். அவன் முற்றத்தைக் கடந்து, கேற்றில் கை வைத்து, கொளுக்கியைத் தூக்கினான்.

"எங்கை போறியள்?"

உரத்துத்தான் கேட்டாள். அடுத்த வளவில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த இராசமலரின் விளக்குமாறு நின்றது. ஒரு பயணக்காரரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டறியாத பெண், பொழுது விடிகிற நேரத்தில், வெளிக்கிட்ட புருசனைப் பார்த்து, ஊர் கேட்கக் கேட்டுவிட்டாள்.

ஜெயசுதன் கொளுக்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். பிறகு அதை மெல்ல விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தான்.

"எப்ப தெரியும்?"

"நேற்று."

"தெரிஞ்சுகொண்டோ பிட்டு அவிச்சுத் தந்தனீர்?"

"ஓம்."

அவன் தரையைப் பார்த்தான். "போய் இறங்கினவுடனை உமக்குத்தான் முதல் போன் எடுக்க இருந்தனான். சத்தியமா. கால் விமானத்திலை வைக்குமட்டும் வீட்டிலை இருக்கிறவைக்கும் சொல்லக் கூடாது எண்டு நீர்தானே எல்லாருக்கும் சொல்லுறனீர். போனாப்பிறகு சொன்னால் கொஞ்சம் கோவிப்பினம், அவ்வளவுதான் எண்டு."

நிரோஜினியின் வாயிலிருந்து போன வார்த்தை, ஒரு எழுத்தும் குறையாமல், அவளுடைய வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது.

"ருமேனியாவிலை ஆர் ஆள்?" என்று கேட்டாள். "விசாவை ஆர் எடுத்துத் தந்தது? கம்பனிக் கடிதம் கையிலை இருக்கோ? நான் பாக்க வேணும்."

"பேந்து சொல்லுறன். கொழும்பு பஸ் வரப்போகுது. கொஞ்சம் தண்ணி தாருமன், குடிச்சிட்டு வெளிக்கிடுறன்."

வழக்கம் அதுதான். ஒரு மிடறு குடித்தால் அவளுடைய கேள்வி இல்லாமல் போய்விடும். பிறகு அவன் எழும்பிப் போகலாம், ஒருவரும் மறிக்க முடியாது.

தண்ணீர்ப் பானை அடுப்படி வாசலில் இருந்தது. நிரோஜினி அந்தப் பக்கம் போகவில்லை. இன்னொரு கதிரையை இழுத்து அவனுக்கு எதிரே போட்டு, முழங்காலோடு முழங்கால் முட்ட அமர்ந்தாள்.

"சொல்லுங்கோ," என்றாள்.